அசுவத்தாமனைப் பகலில் மட்டும் சொன்னவர்

பரவைச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது ருக்மணி அக்காவின் மகன் அழைத்தார். "சித்தி, அம்மா போயிட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல." அன்று காலையிலிருந்தே வானம் மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் மூடிக் கிடந்தது. மதுரை மகால் பக்கத்துச் சந்தில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். உறவுப் பெண்கள் சௌராஷ்டிர மொழியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவோடு இத்தனை வருடம் பழகியும் அந்த மொழி எனக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது. அன்று அந்தப் பாதியும் விளங்கவில்லை.

தொலைபேசி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அக்கா கோயில்களில் பாரதம் சொல்லத் தொடங்கினார். அவர் பேசுவார், இடையிடையே நான் பாடுவேன். கேட்ட உங்களில் பலருக்குக் கர்ணன் சாகும் இடத்தில் அவர் குரல் உடைந்தது நினைவிருக்கும். என்னை விடாமல் துரத்துவது அவர் சொன்ன அசுவத்தாமன்தான். துரோணரின் மகன். மகன் செத்துவிட்டான் என்று பொய் சொல்லித் தகப்பனைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கப் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த பாண்டவர் பிள்ளைகளை வெட்டியவன்.

அந்தக் கட்டத்தை மட்டும் அக்கா இருட்டிய பிறகு சொல்ல மாட்டார். இதனால் கோயில்காரர்களோடு எப்போதும் தகராறு. "ஆறு மணிக்கு மேலதானம்மா கூட்டம் வரும்" என்பார்கள். "வர்றவங்க வரட்டும். இதக் கேட்டுட்டு யாரும் நேராப் போயிப் படுக்கக் கூடாது. வீட்டுக்குப் போயி நாலு வேலை பாக்கணும், புள்ளைகளக் குளிக்க வைக்கணும். அப்புறம்தான் தூங்கணும்" என்பார்.

ஆனால் அவன் சின்னப் பிள்ளையாக இருந்த கதையை விரும்பிச் சொல்வார். வீட்டில் பசு இல்லை. மற்றப் பிள்ளைகள் மாவைக் கரைத்துக் கொடுத்துப் பால் என்கிறார்கள். அவன் குடித்துவிட்டு, "நானும் பால் குடிச்சிட்டேன்" என்று ஆடுகிறான். சுற்றி நின்று எல்லோரும் சிரிக்கிறார்கள். பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்ப்பார். "இப்ப அழுகுறீங்கள்ல? இவனத்தான் கடைசியில திட்டப் போறீங்க. ரெண்டையும் மறந்துறாதீங்க."

உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஊரில், ஒரு புரட்டாசியில் நடந்ததை நான் இதுவரை மேடையிலோ எழுத்திலோ சொன்னதில்லை. அந்த ஊரில் முத்தையா என்று ஒருவன். முப்பது வயதுக்குள் இருக்கும். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் அவனுடைய அப்பாவை வெட்டிக் கொன்றிருந்தார்கள். வெட்டியவர் வேறு யாருமில்லை, முத்தையாவின் அத்தை புருஷன். ஜாமீனில் வந்து, மனைவி, இரண்டு சிறு பிள்ளைகளோடு அடுத்த தெருவிலேயே குடியிருந்தார்.

முத்தையா தினமும் கதை கேட்க வந்தான். யாரோடும் பேசாமல் வேப்பமரத்தடியில் நின்றே கேட்பான். துரோணரைக் கொன்ற கதையை அக்கா முடித்த மாலையில், அங்கிருந்தபடியே உரக்கக் கேட்டான். "பொய்யச் சொல்லி அப்பனக் கொன்னாய்ங்க. மகன் திருப்பிச் செஞ்சதுல என்ன தப்பு?"

முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி. நீ அவசியம் வரணும்" என்றார் அக்கா.

தினமும் இரவில் மதுரைக்குத் திரும்பிவிடும் நாங்கள் அன்று திரும்பவில்லை. மறுநாள் காலையில் முத்தையாவின் அம்மா நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. "அவன் கோவப்பட்டாக்கூடப் பயம் இல்ல தாயி. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, 'அத்தை வீட்டுப் புள்ளைக எம்புட்டு ஒசரம் வளந்துருச்சுக'ன்னு கேக்குறான். தெனமும் கேக்குறான்."

அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

வெயில் தாழ்வதற்குள் கதையைத் தொடங்கினார். வெட்டியதை ஒரே வரியில் கடந்துவிட்டார். "அஞ்சு பாண்டவரையும் முடிச்சிட்டேன்னு சந்தோசமா ஓடுறான். துரியோதனன் தொடை முறிஞ்சு கெடக்கான். பீமன் தலையக் குடு, கையால பாக்கணும்னு கேக்குறான். வாங்கி அமுக்குறான், நொறுங்கிருது. பீமன் தலை இப்படியா நொறுங்கும்? இது புள்ளத் தலையாச்சே! 'எங்க வம்சத்தயே கருவறுத்துட்டியேடா'ன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உசுர விடுறான். யாருக்காகப் போயிச் செஞ்சானோ, அவனே வாங்கிக்கல. சாகாம காலமெல்லாம் அலைடான்னு கிருஷ்ணன் சாபம் குடுத்ததெல்லாம் அப்புறம். அதுக்கு முன்னாடியே அவன் ஒத்தையாயிட்டான்."

இந்த இடத்தில் நான் பாட வேண்டும். அக்கா வேண்டாம் என்று கை காட்டினார். வேப்பமரத்தைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, நீ கேட்டதுக்குப் பதில் சொல்லணும்னா எனக்கு ஒண்ணு தெரியணும். உங்க அப்பா இருந்தா இத வாங்கிக்குவாரா?"

அவன் பேசியது மைக்குக்குக் கேட்காத குரலில். பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. "அந்தப் புள்ளைக ரெண்டுக்கும் எங்கப்பா மடியில வச்சுத்தான் காது குத்துனது." சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். போன திசையில்தான் அத்தை வீடும் இருந்தது. நாலைந்து ஆண்கள் பின்னால் ஓடினார்கள். அக்கா மைக்கைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். ஓடியவர்கள் திரும்பி வந்து, அவன் அந்தத் தெருவைத் தாண்டி, ரோட்டில் திருப்பூர் போகும் லாரியை மறித்து ஏறிவிட்டான் என்றார்கள்.

ஊரே அக்காவைக் கும்பிட்டது. மதுரை திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தார். செக்கானூரணி தாண்டியதும் சொன்னார். "புள்ளைக பொழச்சிருச்சு செல்வி. ஆனா அவன என்ன செஞ்சேன்? எதுவும் செய்யாதவன ஊர விட்டு அலைய விட்டுட்டேன். சாபத்த மட்டும் குடுத்துட்டேன்."

அதன் பிறகு முத்தையாவின் எண்ணை அவனுடைய அம்மாவிடம் வாங்கி அக்காவே அழைத்தார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அவனும் அழைப்பான், பேச மாட்டான். பின்னால் பனியன் கம்பெனி மிஷின் ஓடுவது கேட்கும். அதை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு, "முத்தையா, சாப்டியா?" என்பார். அந்தப் பக்கம் "ம்" என்று வரும். அவ்வளவுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் அக்காவின் மகன், "எதாவது ஞாபகமா எடுத்துக்கங்க சித்தி" என்றார். அக்காவின் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே அது அடித்தது. எடுத்தேன். பேச்சில்லை. மிஷின் சத்தமும் இல்லை. "உசிலம்பட்டி, உசிலம்பட்டி, ஏறு ஏறு" என்று ஒரு கண்டக்டர் கூவுவது கேட்டது.

"முத்தையா, நான் பாடுற செல்வி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுலயா நிக்கிற? அங்கயே இருப்பா, வாரேன்."

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவன் இருக்க மாட்டான் என்றே நினைத்தேன். இருந்தான். நெற்றிப்பக்கம் நரைத்திருந்தது. மடியில் ஒரு பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"கதை சொல்ற அம்மா எங்க?"

"இல்லப்பா. போயிட்டாங்க."

நிமிர்ந்து பார்த்தான். எப்போது என்று கேட்கவில்லை. "சாட்சியெல்லாம் மாத்திச் சொல்லிட்டாய்ங்க. அத்தை வீட்டு மாமா விடுதலையாயிட்டாரு. நான் ஊருக்குப் போறேன்."

"எதுக்குப்பா?"

பையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பையில் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவைப்போல் பேசவும் எனக்குத் தெரியாது. கையைப் பிடித்துச் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப் போனேன். அவன் சாப்பிடச் சாப்பிட வாசலில் உசிலம்பட்டி பஸ் புறப்பட்டது. பின்னாலேயே அடுத்ததும் வந்து நின்றது.

"அம்மா கடைசியா எனக்கு எதுவும் சொன்னாங்களா?" என்றான்.

ஏதாவது சொல்லியிருக்கலாம். அக்கா பெயரைச் சொல்லி அவனைத் தடுத்திருக்கலாம். பொய்யால் விழுந்த தகப்பனைப் பாடிப் பாடிப் பழகிய வாய்க்கு அது வரவில்லை. "தூக்கத்துலயே போயிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் சொல்லல" என்றேன்.

இலையை மூடிவிட்டு அவன் அழுதான். கடைக்காரர் திரும்பிப் பார்க்காமல் இருந்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நின்றிருந்த திருப்பூர் பஸ்ஸில் ஏறினான். படியில் நின்று கேட்டான். "அந்த நம்பரு இருக்குமா?"

"இருக்கும். நான் எடுப்பேன்."

ருக்மணி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் போன் ஒன்றுதான். தண்ணீர் பிடிக்கப் போனாலும், கச்சேரிக்குப் போனாலும் அது கூடவே வருகிறது. இதை எழுதி முடிக்கும்வரை அது அடிக்கவில்லை.