காய்ச்சலை மறைத்துத் தரும்படி கேட்டேன்

போன மாரி காலத்தில் இதே சபையில் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். பிள்ளைக்கு அடிக்கடி நோய் வந்தும், ஒரு மாதமாக என் வேலை ஒரு நாளும் கெடாமல் கர்த்தர் நடத்தினார் என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அதில் பாதி பொய். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

அப்போது எங்கள் ஜெமிமாவுக்குப் பதினொரு மாதம். நான் ஒரு தையல் தொழிற்சாலையில், தைத்து வரும் உடுப்புகளில் பிழை பார்க்கும் வேலையில் இருந்தேன். என் கணவர் ஜெகன் ஆரையம்பதியில் ஆட்டோ ஓடுகிறார். பிள்ளையைப் பார்க்க வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் மாலதி அக்கா நடத்தும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டேன்.

போன முதல் வாரமே சளி. பிறகு வயிற்றோட்டம். பிறகு கண்நோய். அது மாறுவதற்குள் கையிலும் வாயிலும் கொப்புளம். புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு முதல் வருடம் இப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். ஆனால் என் லீவு ஒரு வருடத்துக்குக் காணாது. பிள்ளையை அங்கே விடத் தொடங்கிய ஐந்தாம் மாதமே அது முடிந்துவிட்டது. இனி ஒரு நாள் வராவிட்டாலும் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஜெகனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. நான் காய்ச்சலை இறக்கும் பனடோல் பாணி மருந்தைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கட்டிலருகே முழங்காலில் நின்றேன். என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, பதினொரு மணி வரைக்கும் இந்தக் காய்ச்சல் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கட்டும்" என்று கேட்டேன். பதினொரு மணிக்குப் பிறகு நிலையத்திலிருந்து போன் வந்து நான் போனால், அரை நாள் வேலையாவது பதிவாகும். பிள்ளை சுகப்பட வேண்டும் என்று அன்று நான் கேட்டதாக நினைவில்லை.

மாலதி அக்கா பிள்ளையை வாங்கும்போது உதட்டில் இருந்த சிவப்பைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். பாணியின் நிறம் அது. காலையில் பீட்ரூட் கொடுத்தேன் என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன்.

அன்று போன் வரவே இல்லை. அதை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று நம்பினேன். அந்த மாதத்தில் மூன்று தடவை அப்படிச் செய்தேன். அதன் பிறகுதான் இங்கே வந்து சாட்சி சொன்னேன்.

அந்த நிலையத்தில் ஹாதி என்று ஒரு ஆண்பிள்ளை இருந்தான். ஏழு மாதத்திலேயே பிறந்தவன், நெஞ்சு பலமில்லாதவன். அவனுடைய தாய் சிபானா காத்தான்குடியைச் சேர்ந்தவர், பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளையைச் சேர்த்த நாளில் அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து, உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் சளி என்றால் தயவுசெய்து அன்று கொண்டுவராதீர்கள் என்று கேட்டிருந்தார். நானும் ஓம் என்று தலையாட்டியவள்தான்.

சாட்சி சொல்லி நான்கு நாள் கழித்து சிபானா எனக்குப் போன் எடுத்தார். ஹாதிக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மூச்செடுக்க முடியாமல் பெரியாஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்திருப்பதாகச் சொன்னார். நான் சபைக்குப் போகிறவள் என்று அவருக்குத் தெரியும்.

"நாங்க எல்லாரும் துஆ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கம். உங்கட சபையிலயும் என்ட புள்ளைக்காக ஒருக்கா கேளுங்க" என்றார்.

கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜெமிமாவுக்கு மூன்றாம் தடவை காய்ச்சலும் சளியும் வந்து, நான் மறைத்துக் கொண்டுபோய் விட்டு, ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. என் பிள்ளை சுகமாகித் தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சொந்தப் பிள்ளை சுகமாக இருப்பதைப் பார்த்து வெட்கப்படும் நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலையில் துணிக்கட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய் ஜெபித்தேன். அந்தப் பிள்ளை பிழைத்தால் உண்மையைச் சொல்லுகிறேன் என்று தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டேன். அப்போதும் நான் பேரம்தான் பேசிக்கொண்டிருந்தேன். பிழைக்காவிட்டால் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எனக்கே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தேன். அது விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு கேட்டேன்: "அந்தப் பிள்ளைக்கு மூச்சைத் தாரும். என்ன நடந்தாலும் இன்றைக்கே சொல்ல எனக்குத் தைரியம் தாரும்."

வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளைகள் வார்டுக்கு வெளியே போட்டிருந்த வாங்கில் சிபானா உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தூங்காத முகம். நான் வந்ததைக் கண்டு எழும்பி, இடம் விட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாணி கொடுத்ததை, பீட்ரூட் என்று பொய் சொன்னதை, மூன்று தடவை செய்ததை.

யாரிடமிருந்து தொற்றியது என்று சொல்ல முடியாது என டாக்டர் கூறியதாக அவர் மெதுவாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. "இருக்கலாம். ஆனா நான் தெரிஞ்சுதான் கொண்டுவந்தன்" என்றேன்.

"நீங்க போங்க. இப்ப உங்கட முகத்தப் பாக்க ஏலாம இருக்கு."

நான் திரும்பி நடந்தேன். நாலு அடி போயிருப்பேன். அவர் பின்னால் இருந்து சொன்னார்: "கேக்கிறத நிப்பாட்டிராதீங்க. என்ட புள்ளைக்கு எல்லாரும் கேக்கணும்."

அன்றே மாலதி அக்காவிடம் சொன்னேன். இரண்டு வாரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம் என்றார். நியாயம்தான். வீட்டில் ஜெகனிடம் சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"காய்ச்சல் நாள்கள்ல பிள்ளைய நான் வச்சிருப்பனே. நீ ஒரு நாளும் என்னட்டக் கேக்கயில்லயே" என்றார்.

உண்மை. அவர் உழைப்பு கெடக்கூடாது, நானே எல்லாம் சமாளிப்பேன் என்கிற பெருமையில் கேட்கவில்லை. கடவுளிடம் மறைக்கக் கேட்டவள், பக்கத்தில் இருந்த மனுசனிடம் உதவி கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சிபானாவிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. ஒட்சிசன் எடுத்துவிட்டார்கள், பால் குடிக்கிறான் என்று. வேறு ஒன்றும் எழுதவில்லை. நான் அந்தப் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சீமெந்து நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் ஜீவியத்தில் நான் கேட்டுப் பெற்ற பெரிய நன்மை அதுதான். என் பிள்ளைக்காகக் கேட்டது அல்ல அது.

தொழிற்சாலையிலும் உண்மையைச் சொன்னேன், பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால் இனி முழு நாள் நிற்க முடியாது என்று. பிழை பார்க்கும் வேலை போனது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் போல மறுபடி தையல் மெஷினில் இருக்கிறேன். ஆனால் பிள்ளைக்குச் சுகமில்லாத நாட்களில் காலையில் ஜெகன் பார்க்கிறார், மத்தியானத்துக்குப் பிறகு நான் வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன். மேற்பார்வையாளர் அதற்கு இடம் தருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கேட்டேன், தந்தார்.

சிபானா என்னை மன்னித்துவிட்டதாக இன்றுவரை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஹாதியை மறுபடி கொண்டுவந்தார். இப்போது காலையில் வாசலில் என்னைக் கண்டால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இண்டைக்கு எப்பிடி?" நான் உள்ளதைச் சொல்லுவேன். நல்லம் என்று சொன்னால், ஜெமிமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமலே மகனை உள்ளே கொண்டுபோய் விடுகிறார்.

அப்படி அவர் என்னை நம்பிப் போகிற ஒவ்வொரு காலையிலும் என் கண் கலங்கிவிடுகிறது. அதற்கு நான் தகுதியில்லாதவள்.

இங்கே இருக்கிற தாய்மாரே, நீங்களும் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கர்த்தரிடம் போங்கள். மறைத்துத் தாரும் என்று மட்டும் கேட்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். என்னைப் போன்றவளுக்கே அவர் செவி கொடுத்தார்.