ஓட்டிப் பார்க்காத இரண்டு தாள்கள்

குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளி காட்டும் சான்றைச் சோதிக்காமல் தண்டனை தரக் கூடாது. அவருடைய மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றின் நிலையாணையில் இந்த விதியை எழுதியவன் நான். நிர்வாக அதிகாரியும் நானே.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் எலக்ட்ரீஷியன், தோல் சுழலும் டிரம்முக்கு ஒரு சிறு கணினிப் பலகையைப் பொருத்தினார். ஆற்காட்டுப் பக்கம் திமிரி ஊர்க்காரர். பலகையோடு வந்த கையேட்டைப் படித்தே ஃபோர்த் என்ற நிரல்மொழியைக் கற்றவர். அதில் கட்டளைச் சொற்களை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். ‘சுத்து’, ‘நில்லு’ என்று ஆங்கில எழுத்தில் உண்டாக்கியிருந்தார். “இன்னாய்யா, மாட்டுக்குச் சொல்ற மாதிரி இருக்கு” என்றேன். “மாட்ட விட இது சொன்ன பேச்சு கேக்கும் சார்” என்றார்.

ஒரு மதியம் கரண்ட் போய் வந்தது. டிரம் அளவுக்கு மேல் ஓடி, உள்ளிருந்த ஆட்டுத்தோல் அத்தனையும் தேய்ந்து வீணானது. கரண்ட் வந்ததும் மிஷின் தானாக ஓடிவிட்டது, கோளாறு நிரலில்தான் என்றார் டிரம்மைப் பார்த்துக்கொண்ட மேஸ்திரி. விசாரணையில் எலக்ட்ரீஷியன் தன் நிரலை எழுதிய இரண்டு தாள்களை என் மேஜையில் வைத்தார். “கரண்ட் வந்தா தானா ஓடாது சார். யாராச்சும் பட்டன் அமுக்கணும். ஒரு தபா ஓட்டிப் பாருங்க.”

முடியாது என்றேன். பலகையைச் சான்றுப் பொருள் என்று அரக்கு முத்திரை வைத்துப் பூட்டியிருந்தேன். முத்திரையை உடைக்கும் அதிகாரமும் என்னுடையதுதான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். மேஸ்திரி முதலாளியின் மச்சான் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலைநீக்க உத்தரவைப் பிழையில்லாமல் எழுதினேன். அவருடைய மேல்முறையீட்டுக்கு வரிசை எண் போட்டுக் கோப்பில் சேர்த்தேன். பதில் போடவில்லை.

எதற்கும் நகல் வைத்துக்கொள்வது என் பழக்கம். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, வலை உலாவியிலேயே ஓடும் சின்ன ஃபோர்த் ஒன்று கண்ணில் பட்டபோது, வேலூர் வீட்டுப் பெட்டியில் அந்த இரண்டு தாள்களும் இருந்தன. வரி வரியாகத் தட்டினேன். மோட்டாரை ஓட்டும் சொல்லை மட்டும் ‘ஓடுகிறது’ என்று திரையில் காட்டும்படி மாற்றினேன். கரண்ட் போய் வந்ததற்கு ஈடாகப் பக்கத்தை மூடித் திறந்து, நிரலை மறுபடி ஏற்றினேன். நின்றது. டீ ஆறும்வரை பார்த்தேன், நின்றுகொண்டே இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினேன். முதலிலிருந்து முழுச் சுற்றும் ஓடியது; பாதி ஓடியிருந்த தோல் அன்று தேய்ந்தது இப்படித்தான். அன்று அமுக்கியது யார் என்று விசாரிக்க எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கும்.

அவருடைய திமிரி முகவரிக்கு எழுதினேன். முதல் வரைவில் ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்றிருந்தது. கிழித்துவிட்டு, ‘தவறு செய்தேன்’ என்று எழுதினேன்.

ஒரு கார்டு வந்தது. “ஓடாம நின்னுச்சு இல்ல சார்? உங்க லெட்டர வீட்ல படிச்சுக் காட்டினேன். நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு இத்தினி வருஷமா அவங்க நெனச்சிக்கிட்டு இருந்தாங்க.”

என் பதினைந்து நாள் விதிப்படி அவருக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. கார்டு வந்தது, நான் எழுதிய பதினான்காம் நாள்.