இரும்புக் கதவுல என் பூட்டு

ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னையக் கார்ல கூட்டிட்டுப் போனாக. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். எங்கண்ணன் அதுவரைக்கும் என்னைய பஸ் ஸ்டாண்டுல கூட எறக்கிவிட்டதில்ல. ஒக்கூர்ப் பக்கம் எங்கப்பா விட்டுட்டுப் போன நாலு ஏக்கர். உயில் எழுதல. அண்ணன், தம்பி, நான், மூணு பேருக்கும் சமபங்கு. விக்கப்போறோம், எல்லாரும் கையெழுத்துப் போடணும்னுதான் சொன்னாக.

காரைக்குடியில பள்ளிக்கூட ஆபீசுல காலமெல்லாம் காகிதத்தோட கெடந்தவ நான். படிக்காம கையெழுத்துப் போட வராது. பத்திரத்த வாங்கிப் படிச்சா, விக்கிறதப் பத்தி அதுல ஒரு வரி கெடையாது. கல்யாணத்துக்கு நகையும் சீரும் வாங்கிட்டதால என் பாகத்த சகோதரர்களுக்கே விட்டுக் கொடுக்குறேனாம். அதுவும் மனமுவந்து! என் மனச என்னையக் கேக்காமலே டைப் அடிச்சு வச்சிருக்காக. வந்துச்சு பாருங்க கோவம்.

பதிவாளர் எல்லாரையும் கேக்குற மாதிரி, நிமிராமலே, "முழுச் சம்மதமாம்மா?"ன்னாரு. இல்ல சார்னேன். அப்பத்தான் நிமிந்து பாத்தாரு.

வெளிய வந்ததும் அண்ணி புடிச்சுக்கிட்டாக. வருசந்தவறாம பொங்கச் சீர் வாங்குனீகளே, அதெல்லாம் எதுல சேத்தின்னு கேட்டாக. பானையும் கரும்பும் நாலு ஏக்கர்ல மூணுல ஒரு பங்குக்கு ஈடான்னு நான் திருப்பிக் கேட்டேன். கார் கெளம்பிப் போயிருச்சு. நான் பஸ்ஸுல வந்தேன். வழியெல்லாம் அழுதேன், அதையும் சொல்லிர்றேன். எனக்குக் கோவம் வந்தா அழுகைதான் முந்தும்.

அதுக்கப்புறம் ஒரு வருசம் பேச்சுவார்த்தை இல்ல. நான் பாகப்பிரிவினைக் கேசு போட்டேன். பிரிக்காத வரைக்கும் இந்த மூலை உங்களுது, அந்த மூலை அவங்களுதுன்னு கெடையாது, ஒவ்வொரு பிடி மண்ணுலயும் மூணு பேருக்கும் பாத்தியதை உண்டுன்னு வக்கீல் சொன்னாரு. அந்த மண்ணப் பாத்துட்டு வருவோம்னு போனா, சுத்திக் கம்பிவேலி. இரும்புக் கதவு. அதுல ஒரு பூட்டு. வாங்குறவனுக்குக் காட்டத் தயார் பண்ணி வச்சிருக்காக. என்னைய ஆளாவே மதிக்கல.

நெற்குப்பைப் பக்கம் பங்கு பிரியாத பெரிய வீட்டுக் கதவுல ஆளுக்கொரு பூட்டா மூணு நாலு தொங்கும். எல்லாரும் வந்தாத்தான் தெறக்கும். பைத்தியக்காரத்தனம்னு நானே சிரிச்சிருக்கேன். அன்னைக்குக் கடைக்குப் போயி, இருக்குறதுலயே பெருசாக் குடுங்கன்னு ஒரு பூட்டும் சங்கிலியும் வாங்கியாந்து, அவுக பூட்டுக்குப் பக்கத்துலயே போட்டேன். வக்கீல் தலையில அடிச்சுக்கிட்டாரு. அவங்களும் உள்ள போகணுமேம்மான்னாரு. தாராளமாப் போகட்டும், ஒரு போன் பண்ணுனா நான் வந்து தெறந்துவிடுறேன்னேன்.

மூணாம் நாள் தம்பி கூப்புட்டான். ஒரு வருசங்கழிச்சு அப்பத்தான் அவன் குரலக் கேக்குறேன். தூக்கி வளத்தவ நான். எப்படி இருக்கேன்னு கூட அவன் கேக்கல.

"அக்கா, எடம் வாங்குறவுக வந்து நிக்கிறாக. சாவியக் குடுத்துவிடு."

"சாவி வராது. நான் வாரேன். இந்த எடத்துல மூணு பேருக்குப் பாத்தியதைன்னு சொல்லி அவுகள நிப்பாட்டி வை."