மேல்நோக்கு நாள்

எனக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஏலகிரிக்குக் கூட்டிப் போனார். பதினாலு வளைவில் மூன்றாவது வளைவிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பட்டுப்புடவையோடு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கப் பசை நாற்றத்தில் நிற்கிறேன், ஒரு தலைவலி கிடையாது. ஆனால் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினால் போதும், வாயில் தண்ணீர் ஊறத் தொடங்கிவிடும். என் நிறம் வரவில்லை, முடி வரவில்லை, இது ஒன்று மட்டும் அப்படியே என் பெண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்று தெரியாது.

போன வருஷம் அவள் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் சென்னைப் பக்கம் இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனார்கள். வாலாஜா தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே இரண்டு தடவை வாந்தி. "நீ எதுலயும் ஏற வேணாம், இங்கயே உக்காரு" என்று டீச்சர் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். மற்ற பெண்கள் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் போகும்போது பையையும் செருப்பையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு 'செருப்பு ஸ்டாண்டு' என்று பெயர். இதை என்னிடம் சொல்லவே அவளுக்கு மூன்று மாதம் ஆனது.

இந்த வருஷம் ஒன்பதாவது. அடுத்த வருஷம் பத்தாவது என்பதால் எங்கேயும் கூட்டிப் போகமாட்டார்கள். அதனால் அரையாண்டு லீவில் அதே பார்க்குக்கு நாமே போகலாம் என்றாள். லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறியவளாகப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு எந்த விளையாட்டும் வேண்டாம் என்றாள்.

எங்கள் கம்பெனியில் வருஷக் கடைசியில் திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் விடுமுறை விட்டார்கள். நான் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையை அவ்வளவு உயரத்தில் ஏற்றி விடப்போகிறோம், நாள் பார்க்காமல் எப்படி? திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் ராசிக்குச் சந்திராஷ்டமம். செவ்வாய்க்கிழமை அஷ்டமி. வியாழக்கிழமை கீழ்நோக்கு நாள். புதன்கிழமை மேல்நோக்கு நாள், எங்கள் மூன்று பேர் ராசிக்கும் குறையில்லை. நரசிம்மரே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

பெண் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அம்மா, வியாழக்கிழமை போலாம்மா. புதன்கிழமை அந்த ரைடு மதியம் ஒரு மணி வரைக்கும்தான் ஓடுமாம். அதுக்கப்புறம் மெயின்டனன்ஸ். போட்டிருக்காங்க பாரு."

"வியாழக்கிழமை கீழ்நோக்கு நாளுடி."

"அப்படின்னா?"

"கெணறு தோண்டுறது, கெழங்கு போடுறது, இப்படி பூமிக்குக் கீழ செய்யற வேலைக்குத்தான் அது. மேல ஏறுற வேலைக்கு மேல்நோக்கு நாள் பாக்கணும். நாம காலைல சீக்கிரம் போய்ட்டா ஒரு மணி ஒனக்கு எதுக்கு?"

கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார். "மேல ஏறுறதுக்கு நாள் பாத்துட்டே. ஏறுனது கீழ எறங்கணுமே, அதுக்கு இன்னா பண்ணப் போறே?"

"நீங்க சும்மா இருங்க. எல்லாம் கிண்டல்தான் ஒங்களுக்கு."

இவர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை செய்கிறவர். வாணியம்பாடியில் இவருக்கு ஒரு தோஸ்த் உண்டு, சொந்தமாக வேன் வைத்திருக்கிறார். அவரையே வரச் சொன்னோம். உருது பேசுகிறவர், என்னை அண்ணி என்கிற முறையில் 'பாபி' என்றும் என் பெண்ணை மகள் என்கிற முறையில் 'பேட்டி' என்றும் கூப்பிடுவார். ஆறு மணிக்குக் கிளம்புவது என்று பேச்சு.

புதன்கிழமை நாலு மணிக்கே எழுந்தேன். மார்கழிப் பனி கண்ணை மறைத்தது. கோலம் போட்டு, விளக்கேற்றி, பொங்கல் வைத்துப் படைத்து முடிப்பதற்குள் ஆறரை. பெண் ஐந்தரைக்கே குளித்து, தலைவாரி, ஷூ போட்டு வாசலில் நின்றாள். புளிசாதம் கட்டி, எலுமிச்சம்பழம் நாலு எடுத்து வைத்து, மருந்துக்கடையில் வாங்கிய வாந்தி மாத்திரையை அவளுக்குக் கொடுத்தேன். வீட்டைப் பூட்டும்போது மணி ஏழு முப்பத்தைந்து.

புதன்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை எமகண்டம். எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"ஒம்பது மணிக்குக் கெளம்பலாங்க" என்றேன்.

"இன்னாது?"

"எமகண்டம் ஆரம்பிச்சிடுச்சி. புள்ளைய வச்சிக்கிட்டு இந்த நேரத்துல கெளம்ப மாட்டேன்."

"பேஜார் பண்ணாதே. அங்க ஒரு மணிக்கு மூடிடுவான்."

"ஒம்பதுக்குக் கெளம்புனா பன்னெண்டுக்குப் போய்ட மாட்டமா?"

தோஸ்த் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓர் அடி முன்னால் நகர்த்தி நிறுத்தினார். ஜன்னலில் தலையை நீட்டி, "பாபி, ஏழேகாலுக்கே இப்படி ஒரு அடி நவுந்துட்டோம்னு வச்சிக்கோங்க. கெளம்பின கணக்குதான். ஏறுங்க" என்றார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் பெண்ணும் சிரிக்கவில்லை. வேனுக்குள் ஏறி உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரையின் மயக்கத்தில் எட்டு மணிக்கு, நின்ற வண்டியிலேயே தூங்கிப் போனாள்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பள்ளிகொண்டா வரைக்கும் நல்லபடியாகத்தான் போனது. வேலூர் தாண்டியதும் எனக்கு ஆரம்பித்தது. என்னைப் பார்த்து அவளுக்கு ஆரம்பித்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தால், பழ வாசனையே குமட்டியது. வண்டி நிற்கும், நான் இறங்குவேன். நான் ஏறியதும் அவள் இறங்குவாள். ரோடு வேலை என்று ஓரிடத்தில் அரைமணி நேரம் நின்றது. காவேரிப்பாக்கத்தில் தோஸ்த் என்னைப் பார்த்து, "அம்மாவும் பொண்ணும் சேர்ந்து ஒரு டைமா எறங்குனா டீசல் கம்மியாவும் பாபி" என்றார். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, திட்டவும் தெம்பில்லை. முருகா, நரசிம்மா, ஆஞ்சநேயா என்று தெரிந்த பெயரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பார்க்கின் வாசலில் டிக்கெட் வரிசை. உள்ளே போய், அந்தப் பெரிய இரும்புப் பாதை இருக்கிற இடத்துக்கு அவள் ஓடினாள். பின்னாலேயே நான் ஓடினேன். ஒன்றேகால். கம்பிக் கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். மேலே தொப்பி போட்ட இரண்டு பேர் தண்டவாளத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அங்கே நின்ற ஆளிடம் கெஞ்சினேன். "தம்பி, ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம். ஒரே ஒரு தடவ. இந்தப் பொண்ணு மட்டும்."

"மேடம், ஒரு மணிக்குக் க்ளோஸ். ஒரு வாரத்துக்கு முன்னாடியே போட்டிருக்கோமே, பாக்கலியா?"

பார்த்தவள் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். திரும்பி நடந்து போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வேறு எதிலாவது ஏறு என்று இவர் கூப்பிட்டுப் பார்த்தார். தண்ணீர் விளையாட்டுக்குப் போகலாம் என்றார். அந்தக் குளிரில் தண்ணீரில் யாருமே இல்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், அது கையிலேயே உருகியது. நாங்கள் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கும் எனக்குக் கோபம்.

திரும்பும்போது தோஸ்த் அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். "போனை உள்ள வையி பேட்டி. நேரா ரோட்டைப் பாரு, தூரமா பாரு. வாந்தி வந்தா என்னைக் கேளு." ஆம்பூர் வரைக்கும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நான்தான் பின்சீட்டில் கவருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷமாக அவளைப் பின்சீட்டில் என் மடியில் படுக்கவைத்தே கூட்டிப் போய்க் கெடுத்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தவள், சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எல்லார் ராசியும் பாத்தே. நான் சொன்னத மட்டும் பாக்கல."

"ஒன் நல்லதுக்குத்தானடி பாத்தேன்."

"தெரியும்மா. அதனாலதான் ஒன்கிட்ட சண்ட போடவும் முடியல."

நான் சமையலறைக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். சாமியைக் கோபிக்கலாம் என்றுதான் வந்தேன். ஆறு மணிக்குக் கிளம்பாதே என்று அவரா சொன்னார்? ஆறு மணிக்கு ஒழுங்காகப் புறப்பட்டிருந்தால் எமகண்டமே குறுக்கே வந்திருக்காது. விளக்கை இன்னும் கொஞ்சம் துடைக்கலாம், பொங்கலை இன்னும் கொஞ்சம் குழைய விடலாம் என்று நேரத்தைக் கடத்தியது நான். ஒரு தப்பும் செய்யாத சாமியிடம் எதைச் சொல்லி அழுவது?

மறுநாள் காலை அவளிடம், "எப்ப போலாம்? நீ சொல்லு" என்று கேட்டேன்.

நம்பாமல் பார்த்தாள். "நெஜமாவா? சனிக்கிழம. ஃபுல்லா ஓடும்."

"இன்னிக்கே போலாமே, எனக்கு லீவுதான்."

"இன்னிக்கு முடியாது. ஒடம்பு வலிக்குது."

சனிக்கிழமை எனக்குக் கம்பெனி உண்டு. நாலு நாள் விட்டதற்கு ஷிப்மென்ட் குவிந்து கிடந்தது. சூப்பர்வைசருக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொன்னேன். மார்கழி மாதம், பெருமாளுக்கு உகந்த சனிக்கிழமை, பொய். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் விடியற்காலை ரயிலில் போனோம். ரயில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்ளும். இறங்கி, காற்றோட்டமாக ஆட்டோவில் போனோம். இதை முதலிலேயே யோசிக்க எனக்குப் புத்தியில்லை.

பத்தரைக்கு அவள் வரிசையில் நின்றாள். நானும் ஏறட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீ பையப் பாத்துக்கோ."

சொன்ன பிறகு அவளுக்கே என்னவோ போல ஆகிவிட்டது. "செருப்பெல்லாம் நான் போட்டுட்டே போறேன்" என்றாள்.

அவள் ஏறிய வண்டி மெதுவாக மேலே போனது. எந்தத் தலை என் பெண்ணின் தலை என்று தெரியவில்லை. உச்சியில் ஒரு நொடி நின்றது. பிறகு அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது கேட்டால் ஞாபகமில்லை. சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

அவள் படியிறங்கி வந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைத் தாண்டி நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போனாள். காலையில் தின்ற இட்லி மொத்தமும் வந்தது. மாத்திரை கொடுத்தேன், ரயிலில் கூட்டி வந்தேன், தூரமாகப் பார்க்கச் சொன்னேன், இன்னும் என்னதான் செய்வது? அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்னா கேக்கறியா, இப்ப பாரு" என்று கத்தினேன்.

அவள் தண்ணீரை வாங்கி வாய் கொப்பளித்துத் துப்பினாள். துப்பட்டாவில் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா இப்ப? ஏறுனேனா இல்லியா?"