ஆறில் ஒரு கோப்பை

என் கடைக் கண்ணாடி அலுமாரியில், ஒரு செட்டில் இன்று ஐந்து கோப்பைகள்தான் இருக்கின்றன. யட்டியாந்தோட்டை பஜாரில் பீங்கான் விற்கிறவன் செய்யக் கூடாத காரியம் செட்டை உடைப்பது. மிச்சத்தை யார் வாங்குவார்கள்? கடையை என் கையில் தந்தபோது வாப்பா திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். நான் இரண்டு முறை மீறியிருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்.

அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மேலே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். சம்பளம் எடுத்த மறுநாள் பஜாருக்கு இறங்குவார். சாமான் பைகளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து எப்போதும் ஒரே கோப்பையைக் கேட்பார். வெள்ளை, விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு, பக்கத்தில் இளம்பச்சையில் ஒற்றை இலை. பால் கறுத்துப் படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பார்ப்பார்.

"ஒண்ணு மட்டும் குடுங்களேன் மொதலாளி."

"செட்டாத்தான் அக்கா. ஆறையும் எடுங்க."

"நான் ஒரு ஆளு. ஆற வச்சி யாருக்கு ஊத்துறது?"

சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிட்டுப் போவார். எனக்கு அது வேடிக்கையாகிவிட்டது. அவர் படியேறும்போதே "இலைக் கோப்பை வருது" என்று முணுமுணுப்பேன்.

ஒரு மாதம் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "விடிஞ்சதிலேருந்து முந்நூறு மரத்துல பால் வடியிற செரட்டைய தொடச்சித் தொடச்சி மாட்டுறேன். அம்புட்டும் தோட்டத்துப் பாலுக்கு. வீட்டுக்குப் போனா தகர டம்ளரு. எனக்குத் தேத்தண்ணி குடிக்க ஒண்ணாச்சும் அழகா இருக்கக் கூடாதா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையிலிருந்ததையே வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

மிச்சம் ஐந்தும், பயந்தபடியே, விலைபோகவில்லை. கடைசியில் வீட்டுக்குப் போயின. சொல்லக் கூச்சம்தான்: ஊருக்கெல்லாம் கோப்பை விற்கிற எங்கள் வீட்டில், அதுவரை விளிம்பு சிதைந்ததிலும் காது போனதிலும்தான் தேத்தண்ணி. விற்க முடியாததெல்லாம் எங்களுக்கு. இலைக் கோப்பையில் குடித்த முதல் நாள், நான் உட்கார்ந்து குடித்தேன். அதே தேயிலை, அதே சீனி. ஆனால் வெள்ளைக்குள் தேயிலைச் சாயத்தின் சிவப்பு தெரிந்தது. மெல்லிய விளிம்பு உதட்டில் பட்டதும் அவசரப்பட மனம் வரவில்லை. மாதாமாதம் அக்கா கையில் பிடித்துப் பார்த்தது எதை என்று அப்போதுதான் விளங்கியது.

காலப்போக்கில் அவற்றில் நான்கு, பிள்ளைகள் கையில் உடைந்தன. மிஞ்சிய ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

நேற்று அக்கா வந்தார். இப்போது வேலையை விட்டுவிட்டார். பையிலிருந்த துணியை அவிழ்த்தார். இலைக் கோப்பை இரண்டாகப் பிளந்திருந்தது.

"கழுவுறப்போ கை நடுங்கிருச்சி. இந்த மாதிரி இன்னும் வருதா மொதலாளி?"

வருவதில்லை. மேசையில் என் கோப்பை இருந்தது. உண்மையைச் சொன்னால், அதை மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பிறகு கழுவி, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அக்கா இரண்டு கைகளாலும் எடுத்து, கதிரையில் சாய்ந்து, அவசரமில்லாமல் குடித்து முடித்தார்.

"கொண்டு போங்க அக்கா. அது ஒங்களுக்குத்தான்."

"அப்ப ஒங்களுக்கு?"

"கடை முழுக்கக் கோப்பைதானே."

இன்று காலை, நீலப் பூப்போட்ட புது செட்டிலிருந்து ஒன்றை எடுத்தேன். சாப்பாடு கொண்டுவந்த மனைவி அலுமாரியைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"செட்ட உடைச்சிட்டீங்களா? இனி அஞ்ச யாரு வாங்குவா?"

"ஒண்ணு மட்டும் போதும்னு யாராவது வருவாங்க" என்றேன். வந்தால் இனிமேல் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன். அலுமாரியில் ஐந்து காத்திருக்கின்றன. ஆறாவது என் கையில் இருக்கிறது, சூடாக.