ஒன்பது தகர வீடுகளும் ஒரு பசை ட்யூபும்

“அந்த வரிசையை மட்டும் எடுத்துடுங்க மேடம்... மத்ததெல்லாம் சூப்பர்.”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் ஒரு கல்யாண மண்டபம். மாடல் ரயில் கண்காட்சி தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சொன்னவர் அதன் அமைப்பாளர். நல்ல மனிதர்தான். வந்ததும் காபி கொடுத்தார், மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். அப்புறம்தான் இதைச் சொன்னார்.

எதை எடுக்கச் சொன்னார் என்று சொல்வதற்கு முன், நான் ஏன் அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சருக்கு அங்கே என்ன வேலை?

மூன்று வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் உடைந்தது. மூன்று மாதம் படுக்கை. டிவி சலித்து, போன் சலித்து, வீட்டுக்காரரும் சலித்துப்போன ஒரு நாளில் ஒரு சின்ன ரயில் செட் வாங்கினேன். நிஜத்தில் எண்பத்தேழு அடி நீளம் என்றால் இதில் ஒரு அடி. மனிதர்கள் என் கட்டைவிரலின் மேல் கணுவைவிடக் கொஞ்சம் உயரம் குறைவு.

ரயில் ஓடினால் ஸ்டேஷன் வேண்டாமா? எங்கள் உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. எங்கே போவதானாலும் பஸ்தான். சரி, யாரும் போடாவிட்டால் என்ன... நானே போட்டுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் சுவர். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர்.

கட்டி முடித்தபோது ஸ்டேஷன் கேக் மாதிரி இருந்தது. அவ்வளவு சுத்தம். நம் ஊரில் எந்தக் கட்டடம் அப்படி இருக்கிறது? அதற்குத்தான் வெதரிங் என்று ஒரு வேலை. வெயிலும் மழையும் நாற்பது வருஷம் செய்வதை நாம் இரண்டு நாளில் செய்வது. கறுப்புப் பெயின்டை நீர்க்கக் கரைத்துப் பூசினால் சந்து பொந்தில் மட்டும் அழுக்கு தங்கும். செங்கல் பொடியைத் தூவி ஊதினால் பிளாட்பாரப் புழுதி. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பாசி. சுவர் மூலையில் வெற்றிலை எச்சில்கூட வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, காசு கொடுத்து அழுக்கு வாங்குகிற ஒரே பொம்பளை நீதான் என்றார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் காலியிடம் இருந்தது. என்ன வைப்பது? எங்கள் தெருவைத் தாண்டினால் ஏரிக்கரை ஓரம் ஒன்பது தகர வீடுகள் இருக்கின்றன. இருளர் குடியிருப்பு. தினமும் பள்ளிக்கூடம் போகிற வழி. அதையே கட்டினேன். சமையலறை அலுமினியத் தாளை சீப்பின் மேல் வைத்துத் தேய்த்தால் அச்சு அசல் தகரக் கூரை. அதன் மேல் காவி நிறத்தில் துரு. பார்க்கப் பாவமாக இருந்தது. அதுதான் கலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒன்பது வீட்டில் ஒன்று கன்னியம்மாவுடையது. எங்கள் நிலத்துக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது மாடலைப் பார்த்து நின்றுவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“இன்னா டீச்சர், துரு இப்டியா புடிக்கும்? ஆணி அடிச்ச எடத்துலதான் மொதல்ல புடிக்கும். அங்கேர்ந்து தண்ணி இஸ்துக்கினு கீய எறங்கும். நீ மூஞ்சிக்கு மஞ்சா பூசுன மாரி பூசி வெச்சிருக்க.”

அதோடு விடவில்லை. தன் வீட்டைக் கண்டுபிடித்து, கூரையில் நான் போட்டிருந்த ஓட்டையைக் காட்டினார். தன் வீட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கேட்டார். போன மழையில் தகரம் பிய்த்துக்கொண்டு போனது உண்மை. நாலே நாளில் அவரும் அவர் வீட்டுக்காரர் ஏழுமலையும் ஏறி, புதுத் தகரம் போட்டுவிட்டார்கள். தினமும் அந்த வழியாகப் போகிறேன். அந்தப் பளபளப்பு என் கண்ணில் படவே இல்லை.

ஒன்பது கூரையையும் பிரித்தேன். திரும்பச் செய்தேன். குண்டூசி முனையால் ஆணித் தடம், ஒவ்வொன்றிலிருந்தும் மயிரிழைபோலத் துருக் கோடு. கன்னியம்மா வீட்டுக் கூரையில் நடுவே ஒரு தகரம் மட்டும் புதுசாக மின்னியது. இப்போது பாவமாக இல்லை. வீடாக இருந்தது.

கண்காட்சிக்கு மாடலை வேனில் ஏற்றிப் போனபோது கன்னியம்மாவும் ஏழுமலையும் கூட வந்தார்கள். பலகையைத் தூக்க ஆள் வேண்டும் என்பது என் காரணம். தன் வீடு மேஜைமேல் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது கன்னியம்மாவின் காரணம்.

அமைப்பாளர் எடுக்கச் சொன்னது அந்த ஒன்பது வீடுகளைத்தான். எங்கள் மேஜை வாசலுக்கு நேராக இருந்தது. குடும்பம் குடும்பமாக வருவார்கள், உள்ளே வந்ததும் இதுவா கண்ணில் பட வேண்டும் என்று கேட்டார். வேண்டுமானால் அந்த இடத்தில் நாலு தென்னை மரம் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடமே இருக்கிறது என்றார்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். என் கை போனது.

வரிசை முழுவதும் தனி அட்டையில் இருந்தது. ஒரு விரலால் தூக்கிவிடலாம். மூன்று வருஷ உழைப்பு, வாசலுக்கு நேரே இடம்... ஒரு அட்டைதானே என்று மனசு சொன்னது. அட்டையைப் பாதி தூக்கிவிட்டேன். கன்னியம்மா எதிரே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவே அந்தப் புதுத் தகரம் மின்னியது.

பையைத் திறந்து பசை ட்யூபை எடுத்தேன். அட்டைக்கு அடியில் முழுக்கப் பிதுக்கினேன். திரும்ப இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, மனசுக்குள் அறுபது எண்ணினேன்.

“இனிமே எடுக்க வராது சார்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மேஜையை மாற்றச் சொன்னார். வாசலிலிருந்து கடைசி மூலைக்கு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். நாங்கள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் ஒன்றை யோசிக்கவில்லை. மண்டபத்தில் பஜ்ஜி வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் கை கழுவ வந்துதானே ஆக வேண்டும்? ஈரக் கையோடு நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா தன் மகளிடம், ஏழைகள் எல்லாம் எப்படிக் கஷ்டப்படுகிறார்கள் பார் என்று காட்டினார். கன்னியம்மா முன்னால் வந்தார்.

“இது என் வூடும்மா. இந்தப் புது ஷீட்டு நாங்களே ஏறிப் போட்டது. பாவம்னு பாக்காத... எப்டிப் போட்டுகீதுன்னு பாரு.”

அந்த அம்மா மேஜைக்குக் கிட்டே வந்தார். பிறகு நிஜமாகவே குனிந்து பார்த்தார். ஆணித் தடம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார். கன்னியம்மா சொன்னார். அடுத்து வந்தவருக்கும் சொன்னார். மத்தியானத்துக்குள் எந்த வீடு யாருடையது, யார் வீட்டு ஆடு எங்கே கட்டியிருக்கும் என்பதுவரை போய்விட்டது. நான் பக்கத்தில் நின்று ரயிலை ஓட்டினேன். ரயிலை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பரிசு? பனிமலைக்கு நடுவே சுவிட்சர்லாந்து ஸ்டேஷன் வைத்தவருக்கு. துளி அழுக்கு இல்லை. நல்ல வேலைதான், நானும் கை தட்டினேன்.

திரும்பும்போது கன்னியம்மா வேனில் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் சொன்னார்.

“ஸ்டேஷனுக்கு வரிசையா கரண்டுக் கம்பம் நட்டுக்கினு கீற. எங்க வரிசைக்கு ஒண்ணுகூட இல்ல. அந்தக் கம்பத்துக்கு எத்தினி வாட்டி மனு குடுத்தோம் தெரியுமா டீச்சர்?”

எனக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தெரியாது. எட்டு வருஷம் மனு கொடுத்து வாங்கிய கம்பம் என்றார் ஏழுமலை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக மாடலில் அந்த வரிசைக்கும் கம்பம் நட்டேன். ஒயர் எந்த வீட்டுக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்று கன்னியம்மாவைக் கூப்பிட்டு, கேட்டுக் கேட்டு இழுத்தேன்.

நம் ஊரை நாம் எப்படிக் காட்டலாம் என்று சொல்ல எத்தனை பேர் வருகிறார்கள்... அழகாகக் காட்டு என்று ஒருவர், பாவமாகக் காட்டு என்று இன்னொருவர். இரண்டாவது ஆள் நானாகவே இருந்திருக்கிறேன். குடியிருப்பவரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்த கண்காட்சிக்கான விதிகள் இந்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்தன. புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘மாடல்கள் கண்ணுக்கு இனிமையாக இருத்தல் அவசியம்.’

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன் — இந்த முறை பஸ் ஸ்டாண்டும் அதன் கட்டணக் கழிவறையும்.