அக்காவின் போணியும் என் ஆராய்ச்சியும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவன், பக்குவமாக எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். பெருமைகளை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். மனம் ஒப்பவில்லை.

அக்கா பிறந்தது ஒதியம்பட்டில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வயல் வேலைக்குப் போனார். நிறுத்தியது நான் படிப்பதற்காக. வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டார். ஆலைத் தொழிலாளியான மாமா இளவயதிலேயே காலமான பிறகு, கைக்குழந்தையோடு வில்லியனூர் மார்க்கெட்டில் காய்கறிக் கூடையை இறக்கினார். அந்தக் கூடைதான் மகளைக் கரையேற்றியது, என்னையும் எம்.ஏ. வரை படிக்க வைத்தது.

அக்கா உட்கார்ந்த வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். எல்லோரிடமும் அதே கத்தரி, அதே வெண்டை, அதே புடலை. அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தனக்குப் போணி, அதாவது அன்றைய முதல் வியாபாரம், ஆகிவிட்டால், அடுத்து வருகிறவரைப் போணி ஆகாதவரிடம் அனுப்பிவிடுவார்கள். “என்கிட்ட இருக்கறதுதான் அங்கயும் இருக்குது, போயி வாங்கிக்கமா” என்பார் அக்கா. அந்த வழக்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த எனக்கு இது லட்டு மாதிரி கிடைத்தது. மனிதர் எதைச் செய்தாலும் உள்ளே ஒரு சுயலாபம் இருக்கும் என்பதை அப்போதுதான் படித்து, உலகமே புரிந்துவிட்டதாகத் திரிந்தேன். பக்கத்து வீட்டார் மோர் கொடுத்தனுப்பினால்கூட, பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று விளக்குவேன். மொதல்ல மோரைக் குடிடா என்று அக்கா சிரிப்பார்.

ஆய்வுக்காக ஒரு மாதம், காலையில் அக்காவின் கூடைக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்தேன். யார் யாருக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்று குறித்தேன். இது பாசம் இல்லை, நாளைக்குத் தனக்கு வேண்டும் என்று இன்றைக்குச் செய்யும் காப்பீடு என்று முடிவு கட்டினேன். இதில் வாங்கிக்கொள்வதோடு சரி, திருப்பித் தராத ஒருவரும் இருந்தார். அக்காவுக்குப் பக்கத்துக் கூடைக்காரர், தனலட்சுமி அம்மா. அவருக்கு எல்லோரும் ஆள் அனுப்பினார்கள். அவர் ஒருவருக்கும் அனுப்பியதாக என் நோட்டில் இல்லை. ‘ஓசியில் பயன்பெறுபவர்’ என்று எழுதினேன். பேராசிரியர் பாராட்டினார்.

அதோடு நின்றிருக்கலாம். பாராட்டு தலைக்கேறிவிட்டது. ஒரு நாள் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அந்தப் பெண்களுக்கே அதைப் படித்துக் காட்டினேன். பெயரைச் சொல்லவில்லை, உங்களில் ஒருவர் மட்டும் ஓசியிலேயே காலத்தை ஓட்டுகிறார் என்றேன். எல்லோரும் தனலட்சுமி அம்மாவைத்தான் பார்த்தார்கள். அவர் மீந்திருந்த வெண்டைக்காயை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அக்கா அனுப்பிய ஆளை அவர் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் மார்க்கெட்டுக்கே வரவில்லை. கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்கப் போய்விட்டார். வரிசையிலும் பழைய வழக்கம் தேய்ந்தது. யார் அனுப்பினார்கள், யார் அனுப்பவில்லை என்று ஒருவரையொருவர் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவரைக் கூப்பிட அக்கா மூன்று முறை அவர் வீட்டுக்கு நடந்தார். மூன்றாம் முறையும் தனியாகத் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

“அவ வூட்டுக்காரருக்குக் கை கால் வராதுடா. அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி குடுத்துட்டு அவ வந்து குந்தறதுக்குள்ள எங்க எல்லாருக்கும் போணி ஆயிடுது. அப்புறம் அவ யாருக்குடா அனுப்புவா? ஒரு மாசம் அங்கயே குந்தியிருந்தியே, ஏன் லேட்டா வரீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. அவர்தான் கடைசியாக வருகிறார் என்பது என் நோட்டிலேயே இருந்தது. அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, அந்த ஆய்வை வைத்துத்தான் எனக்கு முதல் வகுப்பும் பிறகு கடலூரில் வேலையும் கிடைத்தன. போய் மன்னிப்புக் கேள் என்று அக்கா பலமுறை சொன்னார். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

அக்கா கடைசியாகப் படுத்தபோது, மகள் வேலைக்குப் போய்விடும் பகல் நேரங்களில் உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டியவர் தனலட்சுமி அம்மா. விடுப்பில் வந்து அதைப் பார்த்தேன். பழைய உதவிக்குக் கைம்மாறு செய்கிறார் என்றுதான் என் புத்தி முதலில் போனது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படித்தான் போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இதையும் எழுதிப்பியா தம்பி?”

எழுத மாட்டேன் என்றேன். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், தூரம் பாராமல் வந்து எங்களோடு நின்ற உறவினர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் என்பதால், அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை எடுத்துக்கொண்டு தனலட்சுமி அம்மா வீட்டுக்குப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. உட்கார்ந்து படித்துக் காட்டினேன். மன்னிப்பும் கேட்டேன். உங்கள் பெயரைப் போடலாமா என்றேன்.

“போட்டுக்கோ. எல்லாம் சரியாதான் எழுதியிருக்க. என் வூட்டுக்காரரு போயி ஆறு வருஷம் ஆவுது தம்பி. வந்ததுலேர்ந்து அவரு எங்கன்னு நீ கேக்கவே இல்லியே.”